உப்புக்கண்டம்

"அடுப்புப் பக்கம் போனே, தோலை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவேன், பாத்துக்க."

சொல்லிவிட்டுப் போனை மேசைமேல் வைத்தாள்.

பள்ளி விடுமுறை. வீட்டில் அப்பா இரவு வேலை முடிந்து வந்து அடுத்த அறையில் தூங்குகிறார். ஒன்பது வயது மகள் ஆதிரை தானே நூடுல்ஸ் செய்யப் போகிறாளாம். பெற்றவளுக்குப் பதறாதா?

திரும்பினாள்.

வகுப்பில் மாத்தியோ மட்டும் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் காபி குடிக்கப் போயிருந்தார்கள்.

அவன் முகம் சரியில்லை.

"நீங்க பேசினது எனக்குப் புரிஞ்சிருச்சு, டீச்சர்."

தமிழில் சொன்னான்.

சிலி நாட்டுப் பையன். ஸ்வீடனுக்குச் சமூகப்பணி படிக்க வருமுன் திண்டுக்கல் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். முதல் நாளே சொல்லியிருந்தான். வெளிநாட்டுக்காரன் தமிழ் வணக்கத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தது அவள் தப்பு.

"எங்க இல்லத்துலயும் ஒருத்தர் இதையேதான் சொல்லுவாரு. சொல்லிட்டு பெல்ட்டை எடுப்பாரு."



எங்க ஊர்ல அம்மாக்கள் இப்படித்தான் பேசுவாங்க, தம்பி. அது சும்மா.

சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

எப்படி வரும்? ஒரு பருவம் முழுக்க அந்த வாக்கியத்தைத்தானே கிழித்துத் தொங்கவிட்டாள். எந்த நாட்டுப் பெற்றோரானாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள் என்றாள். நைஜீரியப் பெண் சண்டை பிடித்தாள். வியட்நாம் பையன் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளையை அடிக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் புகார் சொல்லியே ஆக வேண்டும், அது நானாக இருந்தாலும், என்று வேறு சொல்லிவைத்தாள்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும்.

ஆதிரைமேல் அவள் ஒருநாளும் கை வைத்ததில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அடிக்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

புகார் போனால் குழந்தைகள் நலத்துறையிலிருந்து வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிரித்த முகத்தோடு வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்பார்கள். அம்மா வெளியே இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை அன்று இரவு வீட்டில்தான் தூங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அவர்களில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள்.

"நான் சொல்லணுமா, டீச்சர்?"

மிரட்டவில்லை. படித்ததைச் சரிபார்க்கிற பையனாகக் கேட்டான். கண் கலங்கியிருந்தது.

போன் அடித்தது.

ஆதிரை.

கடவுளே அனுப்பிய மாதிரி இருந்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். இவனே கேட்கட்டும். அந்த வாயாடி எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

"அம்மா, அடுப்பை அணைச்சுட்டேன். முட்டை மட்டும் வேக வச்சுக்கவா?"

தமிழில் என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் அதற்கு இன்னொரு அர்த்தம் இருந்துவிட்டால்?

ஸ்வீடிஷில் பேசினாள். மெதுவாக, மரியாதையாக. பரவாயில்லை கண்ணே, அப்பாவை எழுப்பிக் கேள், நான் சீக்கிரம் வந்துவிடுவேன்.



வீட்டில் தமிழ்தான். ஆதிரையிடம் அவள் ஸ்வீடிஷ் பேசுவது டாக்டர் முன்னால், இல்லையென்றால் பள்ளியில் கூப்பிட்டு அனுப்பும்போது.

"அம்மா?"

குரல் சின்னதாகிவிட்டது.

"நெசமாவே கோவமாம்மா?"

இல்லவே இல்லை, என்றாள். அதையும் ஸ்வீடிஷில், இன்னும் மெதுவாக.

ஆதிரை அழ ஆரம்பித்தாள்.

"இனிமே தொட மாட்டேன்மா. சத்தியமா தொட மாட்டேன்மா."

மாத்தியோ போனைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.