விசாரிக்க வந்த அம்மா

பெண் பார்க்க நினைப்பவர்களிடம் இப்படியா பேசுவார்கள்? வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த குஞ்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நர்ஸ் சின்னப்பாப்பாவைத் தன் மகனுக்குக் கேட்கலாம் என்றிருந்தார் மூலக்குளத்துப் பார்வதியம்மா. பெண் எப்படி என்று விசாரிக்க ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டியதுதானே? ஹெட் சிஸ்டர் ராஜாம்பாளோ, மாசத்தில் பாதி நாள் நைட் டியூட்டி, தீபாவளி பொங்கலுக்கும் வீட்டில் இருக்க மாட்டாள் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"யார் சொன்னாலும் வேலையை மட்டும் விடமாட்டா. தெரிஞ்சிக்கிட்டு முடிவு பண்ணுங்க."

குஞ்சம்மாளுக்குப் புரியாமல் இல்லை. இங்கே இருந்த நர்சுகளில் ஒருத்தி, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி துபாய்க்கு. மற்றவர்களையெல்லாம் கல்யாணமான கையோடு மாமியார் வீட்டில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சின்னப்பாப்பாவும் போனால் ஹெட் சிஸ்டர் பாடு திண்டாட்டம்தான். அதற்காக, வரன் எதுவும் அமையாமல் வயசு ஏறிக்கொண்டே போகும் பெண்ணின் வாழ்க்கையிலா கை வைப்பது?

பார்வதியம்மா வெளியே வந்ததும், துடைப்பானைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். மாடிப்படி அருகே பிடித்துவிட்டாள்.

"அந்தம்மா சொன்னதை மனசுல வச்சிக்காதீங்க. ஆள் பத்தலைன்னு அப்பிடிப் பேசுறாங்க. தாலி ஏறுன மறுநாளே பொண்ணு வேலையை விட்டுடும். அதுக்கு நான் பொறுப்பு."

பார்வதியம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"விட்டுடுமா? அப்ப இந்தச் சம்பந்தம் வேணாம்மா."

குஞ்சம்மாளுக்குத் தலை சுற்றியது. வேலையை விடமாட்டாள் என்று கேட்ட பிறகுதான் ஹெட் சிஸ்டரிடம் சம்மதம் சொல்லிவிட்டு வந்ததாக அந்த அம்மா சொன்னதும், சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னது பொய்யிம்மா. அது வேலையை விடவே விடாது. எங்கிட்டயே எத்தினியோ வாட்டி சொல்லியிருக்கு. கல்யாணம் நின்னுடப் போவுதேன்னு உளறிட்டேன்."

பார்வதியம்மாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு இங்கதான் கெடந்தாரு. அத்தனை கட்டிலுக்கும் இந்தப் பொண்ணு ஒண்ணுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் கூப்பிட்டப்ப அந்தக் கோடியில வேற ஒருத்தரைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. ஓடி வர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு. மத்த நர்சுங்கள்லாம் எங்கன்னு கேட்டேன். கல்யாணம் ஆயிடுச்சின்னாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக் கல்யாணத்தாலயும் இங்க ஒரு நர்ஸ் கொறையக் கூடாதும்மா."