மெத்தை நாற்காலி

"வாயை இறுக்கி மூடிக்கிட்டு உட்காருங்க மாஸ்டர். இன்னிக்கு வெளியாளுங்க பேசற நாள்" என்று கணக்காளர் கிசுகிசுத்தார்.

அந்தப் பை தயாரிப்பு நிறுவனத்தில் எங்கும் எழுதி ஒட்டப்படாத, ஆனால் ஒருவரும் மீறாத விதி அது. மாதாந்தரக் கூட்டத்தில் வெளியாட்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து பேசுவார்கள். உள்ளாட்கள் சுவரோரம் அமர்ந்து கேட்பார்கள். 'நம்ம பையை நாமே மெச்சிக்கிட்டு என்ன பிரயோஜனம்? வாங்கறவன், விக்கறவன், பக்கத்துல குடியிருக்கறவன் சொல்லணும்' என்பது முதலாளியின் சித்தாந்தம்.

மேஜையில் ஜிப் சப்ளை செய்பவர் இருந்தார். லாரி சர்வீஸ்காரர் இருந்தார். தையல் இயந்திரங்களின் இரைச்சலைப் பற்றிப் புகார் சொல்ல வந்து, நிரந்தர உறுப்பினராகவே ஆகிவிட்ட பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரும் இருந்தார். முதலாளிக்கு வலப்புறம், அங்கிருந்த ஒரே மெத்தை நாற்காலியில், கடைத்தெருவில் பைக்கடை நடத்தும் அம்மாள் வீற்றிருந்தார்.

கட்டிங் மாஸ்டரின் பார்வை அந்த மெத்தையிலேயே குத்திட்டு நின்றது.

"உட்கார்ந்திருக்கறதைப் பாருங்க, மகாராணி மாதிரி!"

"நல்லாத்தானே உட்கார்ந்திருக்காங்க. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

"எரியாம? அந்தம்மாவால நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை."

கணக்காளர் அனுதாபத்துடன் தலையாட்டினார். புதிய மாடல்களை முடிவுசெய்யும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அறிவிப்பு இன்று. துணி வெட்டியே தலை நரைத்துப்போன மாஸ்டர், அந்தப் பொறுப்புக்காக ஏங்கிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். அவருக்கான போட்டி மெத்தை நாற்காலியில் இருந்தது.

தேநீர் வந்தது. மேஜைக்குப் பீங்கான் கோப்பைகள். சுவரோரத்துக்குக் காகிதக் குவளைகள். முதலாளி தம் கையாலேயே பிஸ்கட் தட்டைக் கடைக்காரம்மாளின் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு ஒரு நாளாவது நகர்த்தியிருப்பாரா?" மாஸ்டர் குவளையை நசுக்கினார். "போன கூட்டத்துல இந்தம்மா என்ன சொன்னாங்க? பைக்குள்ள கறுப்பு லைனிங் வேண்டாம், சாவி தேடினா கிணத்துல துழாவற மாதிரி இருக்கு, வெளிர் மஞ்சள் போடுங்கன்னாங்க. முதலாளி துள்ளிக் குதிச்சார். அதுக்கு முன்னாடி அதையே நான் அவர் ரூமுக்குப் போய்ச் சொன்னப்போ என்ன சொன்னார் தெரியுமா? 'உன் வேலை வெட்டறது. யோசிக்கறதுக்கு வெளியில ஆள் இருக்கு'ன்னார்."

"விடுங்க மாஸ்டர். அவங்க வாடிக்கையாளரோட நாடி பிடிச்சுப் பார்த்தவங்க."

"பிடிச்சாங்க, நாடி!"

தலைமையாசிரியர் இரைச்சலைப் பற்றிப் பேசி முடித்ததும் கடைக்காரம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாய்ந்திருந்த முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், நம்ம ஸ்கூல் பையோட மேல் கைப்பிடி ரொம்பச் சின்னது. குழந்தையோட விரல் அளவுக்குத் தைக்கறோம். ஆனா ஸ்கூல் வாசலைத் தாண்டினதும் பையைத் தூக்கறது குழந்தையா? கூட்டிட்டுப் போக வந்த அம்மாவும் அப்பாவும்தான். பெரியவங்க கை நுழையற மாதிரி வெச்சுத் தைங்க."

"அடடா!" முதலாளி மேஜையைத் தட்டினார். "நம்ம ஆளுங்க மூளைக்கு இது எட்டியிருக்குமா?"

மாஸ்டர் கணக்காளரின் காதருகே குனிந்தார். "இதை நான் ஏற்கெனவே யோசிச்சு வெச்சிருந்தேன்."

"பொறாமை வந்துட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க." கணக்காளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தம்மா மறந்துகூட உங்க பக்கம் திரும்பறதில்லை."

"திமிரு! போன வருஷம் வரைக்கும் ஜிப்புக்கும் பக்கிளுக்கும் வித்தியாசம் தெரியாது. இன்னிக்குப் பேச்சைப் பாருங்க."

முதலாளி எழுந்தார். தயங்கித் தயங்கிப் பேசுகிறவர் அன்று உற்சாகமாகவே தொடங்கினார்.

"உள்ளே இருக்கறவங்களுக்கு என் மேல பயம். அவங்க சொந்தக்காரங்களுக்கு அவங்க மேல பாசம். ரெண்டு பேர்கிட்டயும் உண்மை வராது. அதனாலதான், இங்க வேலை செய்யறவங்களோட சொந்தம்னா நான் சரக்கும் குடுக்கறதில்லை, இந்த மேஜைகிட்டவும் விடறதில்லை. இந்தம்மாவுக்கு நம்மகிட்ட ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதான் பளிச்சுன்னு பேசறாங்க. இனிமே எந்தப் புது மாடலா இருந்தாலும், இவங்க சரின்னு சொன்னாத்தான் மாஸ்டரோட கத்தரி துணியைத் தொடணும்!"

கைதட்டல் எழுந்தது. மாஸ்டரின் கைகள் மட்டும் முழங்கால்களை இறுகப் பற்றியிருந்தன.

கடைக்காரம்மாள் எழுந்து நின்றார். முகமெல்லாம் பூரிப்பு.

"ரொம்ப நன்றி சார். இந்த யோசனையெல்லாம் எனக்கு எப்படித்தான் தோணுதோ, எனக்கே தெரியலை!"

சுவரோரத்தில் ஒரு நாற்காலி தடாலென்று பின்னால் விழுந்தது.

"எனக்குத் தெரியும்!"

ஜிப்காரர் தேநீரைத் தம் மடியிலேயே ஊற்றிக்கொண்டார். கணக்காளர் மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தார், மாஸ்டர் உட்காரவில்லை.

"மாஸ்டர்!" முதலாளியின் குரல் உயர்ந்தது. "வெளியாளுங்க பேசற இடத்துல உங்களுக்கு என்ன பேச்சு?"

"யாரு சார் வெளியாளு? நான் சொன்னா உங்க காதுல ஏறாதுன்னு, தினமும் சாப்பிடும்போது ஒவ்வொரு யோசனையா சொல்லிக்கொடுத்து, என் பொண்டாட்டியை நான்தான் சார் இந்த மேஜைக்கு அனுப்பி வெச்சேன்!"