பத்தாவது சீட்டு

"சிந்துஜா, இதுக்கு ஒரு பதில் சொல்லாம உன்னை விடப்போறதில்லை" என்றாள் ஷெரோன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதி. ஷெரோனுக்கு முகாமைத்துவப் பட்டப்படிப்பில் கடைசி வருடம். மாணவரின் நிதியறிவைத் தீர்மானிப்பவை எவை என்பது அவளுடைய ஆய்வு. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒப்படைக்காவிட்டால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். மாணவர்கள் நிரப்பித் தந்த நூற்றிருபது கேள்விப் படிவங்களில் நூற்றுப்பத்தொன்பது அவளுடைய கணக்குக்குள் சமர்த்தாக வந்து உட்கார்ந்துவிட்டன. சிந்துஜாவின் இந்த ஒன்றுதான் அடம்பிடித்தது.

"அறிவுப் பகுதியில இருபதுக்கு இருபது. விடுதியிலேயே நீ ஒருத்திதான். நடைமுறைப் பகுதியில என்ன எழுதியிருக்க? சீட்டில் உங்கள் முறை எத்தனையாவது? பத்தாவது. விரும்பி ஏற்றதா? ஆம். இது என்ன கூத்து?"

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளை சிந்துஜா. இரண்டாம் வருடம். கீறல் விழுந்த போனில் கட்டுரை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து சிரித்தாள்.

"விரும்பித்தாங்க அக்கா."

விடுதியில் பத்துப் பேர் சேர்ந்து போடும் சீட்டு அது. மாதம் ஆளுக்கு ஐயாயிரம். பெயர்த் துண்டுகளைக் குலுக்கி வரிசை போட்டுவிட்டால், மாதம் ஒருத்தி ஐம்பதாயிரத்தை முழுசாக எடுப்பாள். சீட்டை நடத்துகிறவள் அக்குறணை ஊர்க்காரி பஸீஹா. அவள் அந்த அறையிலேயேதான், கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல எடுத்தா வட்டியில்லாத கடன். கடைசியில எடுத்தா, நீதான் மத்தவங்களுக்கு வட்டியில்லாம கடன் குடுக்குற. அதுக்குள்ள சாமான் விலையும் ஏறிடும். தெரியுமா, தெரியாதா?" என்று விடாமல் கேட்டாள் ஷெரோன்.

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா? என்னைப் பாரு. முதல் சீட்டை எடுத்தேன், இந்த லெப்டொப்பை வாங்கினேன். நீ இன்னும் போன்ல தட்டிக் கண்ணைக் கெடுத்துக்கிற. திட்டம் போட்டு வாழப் பழகணும்."

திட்டமாவது மண்ணாவது! குலுக்கிய அன்று ஷெரோன் விடுதியிலேயே இல்லை. பழைய லெப்டொப் மண்டையைப் போட்டுவிட, அதைத் தூக்கிக்கொண்டு கண்டியில் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தாள். முதல் சீட்டு அவளுக்குத்தான் என்ற செய்தி போனில் வந்தது. அதையெல்லாம் இப்போது வசதியாக மறந்துவிட்டாள்.

"சரிங்க அக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, டியூஷன் குடுக்கப் போகணும்" என்று சிந்துஜா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷெரோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் கிடைக்காவிட்டால் என்ன, தனக்கே தெரியாதா? லெப்டொப்பைத் திறந்து, முடிவுரையில் இரண்டு வாக்கியம் சேர்த்தாள்.

'சிலருக்குப் படிப்பு இருந்தும் பணத்தைக் கையாளத் தெரிவதில்லை. குடும்பப் பின்னணியே காரணம்.'

தட்டியதை வாய்விட்டு ஒருமுறை வாசித்தாள். "லயத்துல வளர்ந்த பிள்ளைதானே. காசைப் பத்தி வீட்டுல யார் சொல்லிக் குடுத்திருப்பாங்க?"

பஸீஹா துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அக்கா, ஒங்களுக்குச் சொல்ல வாணாம்னு சிந்துஜா எனக்கிட்ட சத்தியம் வாங்கினா. ஆனா இதக் கேட்டுக்கிட்டு சும்மா இருக்க ஏலாது."

"என்ன?"

"அன்டைக்கு முதல் துண்டு விழுந்தது சிந்துஜாட பேருக்கு. ஒங்கட பேரு கடைசியா, பத்தாவதா வந்தது. ஒங்கட லெப்டொப் பழுதாகிட்டுன்னு கேள்விப்பட்டு, ரெண்டையும் மாத்திப் போடச் சொன்னா."

ஷெரோனுக்கு முகம் சுட்டது. வெட்கத்தில் நிமிரவும் முடியவில்லை.

"அவளுக்கும் லெப்டொப் இல்லையே... ஏன் அப்படிச் செஞ்சா?"

"நானும் கேட்டேன். அவட அம்மா லயத்துல சீட்டுப் போட்டா அப்பிடித்தானாம். துண்டு யாருக்கு விழுந்தாலும், அவசரம் யாருக்கோ அவங்களுக்குத்தான் முதல்ல குடுப்பாங்களாம். சின்னதுல இருந்து அதப் பாத்துத்தான் வளந்தாளாம்."

ஷெரோன் மெதுவாக லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் வாக்கியத்தை முழுதாக அழித்தாள்.

இரண்டாவதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை: 'குடும்பப் பின்னணியே காரணம்.'