ஜெனரலுக்கு மூன்று சரணம்

"ஆள் நிக்கும்போது நான் இழுக்க மாட்டேன்."

பெரியவர் இரும்புப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தூக்குமேடையில் நின்றவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் கட்டிய கைகள், கழுத்தில் கயிறு, முகத்தில் கறுப்புத் துணி. துணிக்குள்ளிருந்தே கத்தினான்.

"சாகப்போற நானே ரெடியா நிக்கிறேன். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கட்!" என்றார் இயக்குநர்.

விளக்குகள் அணைந்தன. மேடைக்கு எதிர்ச் சுவரில் ஜெனரலின் பெரிய படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்து சல்யூட் அடித்துக்கொண்டிருந்த துணை நடிகர்கள் 'அப்பாடா' என்று கையை இறக்கினார்கள்.

ஜெனரல் ஆட்சியில் துண்டறிக்கை அச்சடித்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட அச்சகத்துக்காரரின் வாழ்க்கைப் படம் அது. இந்த ஒரு காட்சிதான் பாக்கி. பழைய சிறையில் படம் பிடிக்க வாங்கிய அனுமதி ஐந்து மணியோடு முடிகிறது. மணி நாலு.

அந்தக் காலத்தில் அதே மேடையில், அதே பிடியை இழுத்தவர் பெரியவர்தான். அதன் சூட்சுமம் தெரிந்த வேறு ஆள் இல்லை.

"இடுப்புல பெல்ட் மாட்டியிருக்கு. மேல கேபிள் இருக்கு. கயிறு சும்மா பேருக்குத்தான்" என்றான் நடிகன், துணியைக் கழற்றிக்கொண்டே. இந்த வேடத்துக்காகப் பன்னிரண்டு கிலோ இளைத்தவன் அவன்.

"கேபிள் புதுசு, மேடை பழசு. ரெண்டுக்கும் இன்னும் பழக்கம் ஆகல தம்பி."

"அன்னைக்கு மட்டும் இழுத்தீங்களே? ஒரு மகானைத் தொங்கவிட்ட கைதானே இது?"

மூலையில் ஒருவருக்கு டீ புரையேறியது. பெரியவருக்குத் துணையாக வந்திருந்த மச்சான். தொப்பைமேல் வசனத் தாளை வைத்து, காலையிலிருந்து அதிலிருந்த எழுத்துப் பிழைகளையெல்லாம் பென்சிலால் சுழித்துக்கொண்டிருந்தார். இடையிடையே பிஸ்கட்.

இருமல் நின்றதும் தாளைத் தூக்கிக் காட்டினார். "ஏன் தம்பி, தூக்குமேடையில நின்னுக்கிட்டு ரெண்டு பக்கம் பேசணுமா? அந்த நேரத்துல மனுஷனுக்கு வசனமா வரும்? ஒண்ணுக்குத்தான் வரும்."

லைட் பிடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நடிகனுக்கு முகம் சிவந்தது.

"அவர் உங்கள மாதிரி ஆள் இல்ல சார். சிங்கம்! இன்னைக்கு இருந்திருந்தா நாட்டையே ஆண்டிருப்பாரு."

"ஆண்டிருந்தா அஞ்சே வருஷத்துல நீங்களே வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பீங்க. இப்ப பாருங்க, முக்குக்கு முக்கு சிலை." மச்சான் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "பெரியவரே, இப்ப என்னதான் பண்றது?"

"தூக்குக்கு முந்தின நாள் கைதி எடைக்கு மணல் மூட்டை கட்டி இழுத்துப் பார்ப்போம், கயிறு தாங்குதான்னு. அதைத் தொங்கவிடுங்க. சட்டையும் முகத்துணியும் மாட்டிட்டாப் போதும்."

"பார்க்கிறவன் கண்டுபிடிச்சிடுவான்" என்றான் நடிகன்.

"அன்னைக்கு எங்க பார்த்தாங்க? அதிகாரிங்க அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கிட்டு ஜெனரல் படத்துக்கு சல்யூட் அடிக்கணும். அவர் புகழ் பாடுற பாட்டு முடியிறதுக்குள்ள திரும்பினா வேலை போயிடும். மூணு சரணம்!"

வேறு வழியில்லை. மூட்டைக்குச் சட்டை போட்டார்கள். அதே பெல்ட், அதே கேபிள். நடிகன் முணுமுணுத்துக்கொண்டே ஓரமாகப் போய் நின்றான்.

பாட்டு ஒலித்தது. துணை நடிகர்கள் ஜெனரல் படத்தின் பக்கம் திரும்பினார்கள். மூன்றாம் சரணத்தில் பெரியவர் பிடியை இழுத்தார்.

பலகை 'படீர்' என்று திறந்தது. மூட்டை விழுந்த வேகத்தில் கேபிள் கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்து, ஜெனரலின் மூக்கைக் கிழித்தது. மொத்த எடையும் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

நடிகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கை தானாகக் கழுத்தைத் தடவியது.

இயக்குநர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொக்கி ஃபிரேம்ல இல்ல. காட்சி பிரமாதம்! பெரியவரே, அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா? கால்கூட ஆடாம?"

"அச்சு அசல் இதேதான்."

"என்ன நெஞ்சுரம்!" என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது நடிகன் ஓடி வந்து பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான். காலையில் அந்தக் கையைத் தொடவே மறுத்தவன்.

"என் உயிரைக் காப்பாத்தினீங்க. மறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. எனக்குக் காட்டின இரக்கத்தை அன்னைக்கு அவருக்கும் காட்டியிருக்கலாம்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் மிச்ச பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார்.

சிறைக் கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் மச்சான் அவர் காதருகே குனிந்தார்.

"மூட்டை கட்டவே தெரியல மச்சான் இவனுங்களுக்கு. அன்னைக்கு என் சட்டைக்குள்ள நீ எவ்வளவு அழகா கட்டியிருந்த!"