மாடிக்கு ஒரு நியாயம்

“கல்யாணம் ஆகலைன்னா ரூம் கிடையாதும்மா. தப்பா நெனச்சுக்காத” என்றாள் ராணியம்மாள்.

செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்களும் வந்துபோகும் ஆசிரமத்துக்குப் பின்தெருவில், மாடி அறைகளை வாடகைக்கு விடும் வீடு அவளுடையது. வாசலில் பையோடு நின்ற மணிமொழியும் இளவரசனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெங்களூரில் வேலையாம், ஒரு வாரம் தங்க வேண்டுமாம். கேட்டவுடன் மறைக்காமல் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னார்களே, அதற்காகவே காபி கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுத்தாள். கூடவே மகள் புராணத்தையும் ஆரம்பித்தாள். வினோதினி ஜெர்மனியில் படிக்கிறாள். போன மாதம் ஜுரத்தில் கிடந்தபோது ரூம்மேட் மூன்று நாள் தூங்காமல் கஞ்சி வைத்துக் கொடுத்தாளாம். அப்படி ஒரு தங்கமான பொண்ணு.

அந்த நேரம் பார்த்து, மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரனும் அவன் தோழியும் கைகோத்தபடி இறங்கி வந்து, அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“இவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாங்க?” என்று மணிமொழி கேட்டாள்.

“அவங்க ஊர்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா. அவங்க வழக்கம் அவங்களுக்கு, நம்ம வழக்கம் நமக்கு.”

மணிமொழி விடவில்லை. தப்பு என்றால் எல்லாருக்கும்தானே தப்பு, மாடிக்கு ஒரு நியாயம் வாசலுக்கு ஒரு நியாயமா என்று பிடித்துக்கொண்டாள். இளவரசன் காபியே கண்ணாக இருந்தான்.

ராணியம்மாளின் கவலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை வினோதினிக்கு வரன் பேச வேலூரிலிருந்து வருகிறார்கள். கல்யாணமாகாத நம்மூர் ஜோடிக்கு இடம் கொடுத்தவள் என்று தெருவில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்தவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள்.

“அப்போ மாடியில இருக்கிறவங்க பண்றது பாவம் இல்லைங்களா?”

“என்னம்மா பாவம்? யாரு குடியைக் கெடுத்தாங்க?”

“சரிங்க. நம்ம பொண்ணு ஒருத்தி வெளிநாட்டுல போய் அப்படி இருந்தா?”

ராணியம்மாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். தப்பு என்றால் மாடியை இன்றே காலி செய்யச் சொல்ல வேண்டும். சரி என்றால் இவர்களிடம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். வாயாடுவதில் தோற்றுப் பழக்கமில்லாதவள், நடுவில் நுழைய ஒரு சந்து கண்டுபிடித்தாள்.

“அந்த ஊர்ல இருந்தா அந்த ஊர் மாதிரி இருந்துட்டுப் போறா. ஒருத்தரை ஒருத்தர் நல்லாப் பாத்துக்கிட்டாப் போதும், அது எந்த ஊர்லயும் நல்லதுதான். நம்ம ஆளுங்கன்னா, இந்தத் தெருவுல மட்டும் கூடாது.”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நான் சொன்னா சொன்னதுதான்” என்று, ஜெயித்த திருப்தியோடு காபி டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள் ராணியம்மாள்.

மணிமொழி சுடிதாருக்குள் மறைத்திருந்த தாலிச்சரட்டை எடுத்து வெளியே போட்டாள். “மன்னிச்சிடுங்கம்மா. எங்களுக்குக் கல்யாணமாயி ரெண்டு வருஷம் ஆவுது. வினோதினியும் நானும் பெங்களூர்ல ஒண்ணா வேலை பாத்தோம். அவதான் உங்ககிட்ட இதைக் கேட்டுப் பாக்கச் சொன்னா.” இவ்வளவு நேரமும் உள்ளங்கையில் பிடித்திருந்த கைப்பேசியை நீட்டினாள்.

வீடியோ காலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வினோதினி, திரையில் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் தோளோடு தோளாக, மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்த அந்தத் தங்கமான பொண்ணு, தாடியும் மீசையுமாக, ராணியம்மாளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பியது.