பச்சை வளையல்

பேரிகைப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் அன்று இருந்தவர்கள் காளியம்மாள் டீச்சர், பிள்ளைகள், பலகையில் எழுதியதைப் பற்றி முறையிட வந்த குலாம் ரசூல். ஊரைப் பற்றிக் கரும்பலகையில் யாரும் எழுதலாம், தப்பை யாரும் திருத்தலாம் என்பது டீச்சர் வைத்த வழக்கம்.

“ரோஷன் பீ அக்கா சிவப்பு வளையல் போட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள்” என்றிருந்தது.

“எம்மக பேரச் சந்திக்கு இழுக்கிறீங்களா டீச்சர்?” என்று குலாம் ரசூல் அதை அழித்தார்.

ஒரு சிறுமி அதையே மறுபடி எழுதினாள். இன்னொருத்தி சிவப்பை அழித்துப் பச்சை என்று திருத்தினாள்.

“பச்சதான் தாத்தா. காலையிலகூட அந்தக்கா கையாட்டுச்சே.”

பெருநாளுக்கு மகளுக்கென்று வாங்கிய பச்சை வளையல்களை அவர் யாருக்கும் காட்டாமல் பெட்டியில் பூட்டியிருந்தார்.

ரோஷன் பீ கம்பெனிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று ஊரில் சொல்வது பொய். நோன்பு மாதத்திலேயே வெளியூரில் காய்ச்சலில் இறந்து அங்கேயே அடக்கமான அவளுக்கு முதல் பிடி மண் போட்டவர் குலாம் ரசூல்தான்.