ஹால் சுவர்

"இந்த ஸ்டூலையாவது வந்து பிடிங்களேன்!" ஹால் சுவருக்கு இரண்டாவது தடவை பெயிண்ட் அடித்தபடி கத்தினேன்.

உள்ளே கட்டிலில் இருந்தே என் வீட்டுக்காரரின் பதில் வந்தது. "பழைய புடவையில ஜன்னல் திரை, உடைஞ்ச பெட்டியில ஷெல்ஃபு, இப்போ பெயிண்டா? ஞாயித்துக்கிழமைகூட மனுஷன் நிம்மதியா படுக்கக் கூடாதா?"

"ஆள் வைக்க வசதியில்ல. நீங்களும் தொட மாட்டீங்க. பின்ன யாருதான் அடிக்கிறதாம்?"

குறட்டைதான் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்திலேயே இழுத்து இழுத்து அடித்து முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, என் வீட்டுக்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுசாக வீடு கட்டியிருப்பவராம், பெயிண்ட் அடிக்க ஆள் தேடுகிறாராம்.

வந்தவர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "பிரஷ் தடமே தெரியலையே! பிரமாதம்."

"எல்லாம் நம்ம கைவேலைதான் சார்," என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். "இருபது வருஷமா பெயிண்டரா இருக்கேனே!"

நகத்தில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டியபடி ஹாலுக்கு வந்தேன்.

"சார், இந்தச் சுவரை அடிச்சது நான். உங்க வீட்டு வேலைக்கு என்னைக்கு வரணும்னு சொல்லுங்க. வேணும்னா இவரும் வரட்டும், ஸ்டூலைப் பிடிச்சுக்க."